சபீனாவுக்குக் கிடைத்த இடம்

பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்டிபிஎம் தேர்வு முடிவு வந்தபின் பார்மசி படிப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தேன், அவ்வளவுதான். என்னோடு படித்த சபீனாவுக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வாழ்த்துச் சொன்னேன், உள்ளுக்குள் எரிந்தது.

சேர்க்கையின் கடைசி நாளில், ஜெலுத்தோங் சந்தையில் அம்மாவோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது சபீனா அழைத்தாள்.

"உடனே யூனிக்கு போன் பண்ணு. ஒரு இடம் காலியா இருக்கு."

"யாரு வேணாம்னு சொன்னா?"

"நான்தான்லா. அத்தாவுக்கு ஸ்ட்ரோக். கடைய பாக்க வேற ஆளில்ல."

"கொஞ்சம் டைம் கேட்டுப் பாரேன்."

"கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. யாருக்கோ போறதுக்கு உனக்கே கிடைக்கட்டும்." அவள் குரல் உடைந்தது.

மீன்கடை முன்னாலேயே நின்று பல்கலைக்கழகத்தை அழைத்தேன். இடம் கிடைத்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

மாலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவள் அப்பா நடத்திவந்த நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போனேன். கல்லாவில் சபீனா நின்றிருந்தாள்.

"கிடைச்சிருச்சா?" என்றாள். தலையசைத்தேன். சிரித்தாள். நன்றி என்ற சொல் என் வாயில் வரவேயில்லை.

இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நல்ல மதிப்பெண் வாங்கும்போதெல்லாம் அவளிடம்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. மகிழ்வாளா, அவளுக்கு வலிக்குமா என்று தெரியாமல் சொல்லாமலேயே விட்டுவிடுகிறேன்.