மிக்சிப் பிள்ளையார்

எங்கள் திருநகர் வீட்டில் நிறையப் பிள்ளையார்கள் இருந்தார்கள். சன்னலருகே ஒருவர், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒருவர், மிக்சி ஓடும்போது மட்டும் வருகிற ஒருவர். என் கண்ணுக்கு ஒருவரும் தட்டுப்பட்டதில்லை. அண்ணனுக்குத் தெரிந்தார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் பேரையூர் மாமா. அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான். திடீரென்று கைகளை மடக்கி நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்ளத் தொடங்குவான். ஒருநாள் அதைப் பார்த்து அம்மா அழுதபோது, தங்கையைத் தேற்ற வழி தெரியாத மாமா, "விடு தாயி, எங்க மாப்ள பிள்ளையாரை நேர்ல பாக்குறான், அதான் குட்டிக்கிறான். நமக்கு அம்புட்டுக் குடுப்பினை இல்ல" என்றார். அம்மா அழுகையோடு சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அருகம்புல் பறித்து வந்து சன்னலில் வைப்பேன்.

அம்மாவின் புறங்கைகளில் எப்போதும் நீலமாகக் கன்றியிருக்கும். கேட்டால் கதவு இடித்துவிட்டது என்பாள். எங்கள் வீட்டுக் கதவுகள்மேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது.

அந்த வருடம் அண்ணனின் நெற்றிப்பொட்டில் தோல் கிழிந்து, கண் வரைக்கும் வீங்கியது. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். பசுமலை தாண்டி ஊருக்குள் போகும்வரை பஸ்ஸில் எல்லோரும் ஆடினார்கள். அதனால் அண்ணனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா சன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்படியே போனால் பார்வைக்கு ஆபத்து என்றார் டாக்டரம்மா. எப்போதெல்லாம் குட்டிக்கொள்கிறான் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு பிள்ளையார்களை ஒவ்வொருவராகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மிக்சிப் பிள்ளையாரைப் பற்றி மட்டும் திரும்பக் கேட்டார். பிறகு அம்மாவிடம், "அவன் வேணும்னு செய்யலம்மா. ஒண்ணைத் தொடங்கவும் நிறுத்தவும் மூளைக்குள்ள இடம் இருக்கு. இவனுக்குப் 'போதும்'னு நிறுத்துற இடம் வேற மாதிரி வேலை செய்யுது" என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், தலைக்கு மெத்தென்ற தொப்பி எழுதிக்கொடுத்தார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிள்ளையார் வருவது சரி, போதும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வீடு திரும்பிய மத்தியானம் அம்மா அசந்து தூங்கினாள். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. அண்ணன் தொடங்கினான். நான் ஓடிப்போய் அவன் நெற்றிப்பொட்டின்மேல் என் கைகளை வைத்து, "போதும்ண்ணே, சாமி கும்பிட்டாச்சு" என்றேன். என் புறங்கையில் குட்டு இறங்கியது. உயிர் போகிற வலி. கையை எடுக்கவில்லை. மிக்சி நின்றது. அடுத்த குட்டு மெல்ல இறங்கியது. பிறகு அவன் மடக்கிய கைகள் என் கைமேலேயே தங்கிவிட்டன. அவன் ஆடினான், நானும் ஆடினேன். திரைச்சீலையும் வெயிலும் எங்களோடு ஆடின. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அம்மா விழித்து வந்து என் கையைப் பார்த்தாள். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே இடத்தில் நீலம்.

"ஒன்னையும் கதவு இடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

என்னை எந்தக் கதவும் இடிக்கவில்லை என்று அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். இவ்வளவு பெரியவளுக்கு இது ஏன் புரியவில்லை என்று எனக்கு வியப்பாக இருந்தது.