விரத நேரத்தில் உடைத்த குளியலறை

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் குளியலறை ஒன்றுதான். அதைப் புதுப்பிக்க ஓடு, ஹீட்டர், எதிர்பாராத செலவு என எல்லாவற்றுக்கும் பலமுறை சரிபார்த்துப் பணம் ஒதுக்கினேன். வேலையை எடுத்த குத்தகையாளர் தரையை உடைத்த பிறகுதான் உறைத்தது, மறுநாள் என் கணவரின் தைப்பூச விரதம் தொடங்குகிறது.

குறைமாதத்தில் பிறந்த மகள் பிழைத்ததற்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். தினமும் விடியுமுன் குளித்து விளக்கேற்ற வேண்டும்.

"எல்லாத்துக்கும் பட்ஜெட் போட்ட. நான் எங்க குளிக்கிறது?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அந்நேரம் எதிர்வீட்டு சல்மா அக்கா கதவைத் தட்டினார். இடிக்கும் சத்தத்துக்குத் திட்ட வந்திருக்கிறார் என்று பயந்து, மன்னிப்புக் கேட்டதோடு என் தவறையும் கொட்டிவிட்டேன்.

"நாங்க விடியுமுன்னே சுபுஹ் தொழுகைக்கு எழுந்திடுவோம்லா. எங்க வீட்டுலயே குளிக்கச் சொல்லு, எங்க வீட்டுக்காரரு கதவைத் திறந்து விடுவாரு."

நான் தயங்கினேன்.

"கறி ஆக்குற வீடுன்னு யோசிக்கிறியா? விடியக்காலையில யாரு கறி ஆக்குறா!"

மறுநாள் ஈரத்தலையோடு வந்து என் கணவர் விளக்கேற்றினார்.

எதையும் விட்டுவிடாமல் திட்டமிடுபவள்தான் நல்ல தாய் என்று நம்பியிருந்தேன். இன்றும் திட்டமிடுகிறேன். ஆனால் ஏதாவது விட்டுப்போனால், இப்போதெல்லாம் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.