வலது கன்னத்தில் வாடை

சீனாவோடு சண்டை ஓய்ந்த குளிர்காலத்தில் எங்கள் காலாட்படைப் பிரிவு வடகிழக்கு மலை உச்சியில் ஒரு காவல் முகாமில் இருந்தது. ஒரு நாள் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, மலையடிவார முகாமிலிருந்து ஒரு தகரம் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு மூன்று பேர் மேலே கிளம்பினோம். முன்னே நடந்தவர் எங்கள் மேலாள் நாயக், சிவகங்கைக்காரர். நடுவில் நான், உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயி மகன். தகரத்தைத் தோளில் சுமந்து பின்னால் வந்தவன் ராமேஸ்வரம் தீவில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த வேதக்காரன், கிறிஸ்தவன். நானும் அவனும் ஒரே நாளில் பட்டாளத்துக்கு எடுக்கப்பட்டவர்கள்.

ஒரு மணி நேர நடைதான். பாதி வழியில் மூடுபனி இறங்கிப் பாதை மறைந்தது. நாயக்கின் திசைகாட்டியில் ஈரம் புகுந்து முள் அசையவில்லை. இருட்டுவதற்குள் முகாம் சேராவிட்டால் அந்தக் குளிரில் விறைத்துப்போவோம்.

“இதுக்கா முழிக்கிறீக?” என்றான் தீவுக்காரன். “வாடைக் காத்து வடக்கேயிருந்துதானண்ணே வரும்? அத வலது கன்னத்துல வாங்கிக்கிட்டே நடந்தா மேக்க போயிருவோம். முகாமு மேக்கதான?”

நாயக் என்னைப் பார்த்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நடந்தோம். நான் ஐம்பது காலடிக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டே வந்தேன்.

மூன்றரை மணிக்கு நாயக் நின்றார். “தம்பி, நாம எங்க இருக்கோம்?”

“ஐயாயிரத்து எண்ணூத்தம்பதாவது அடியிலண்ணே,” என்றேன்.

அவர் திசைகாட்டியை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். அப்போது தீவுக்காரன் தரையில் உறைந்திருந்த பனியில் காலடித் தடம் கண்டு துள்ளினான்.

“நம்மாளுக போயிருக்காக! மூணு பேரு!”

குனிந்து பார்த்தேன். நடுத் தடத்தின் இடது குதிகாலில் ஓர் ஆணி இல்லை. என் பூட்ஸிலும் அந்த ஆணி இல்லை.

மலையில் காற்று பள்ளத்தாக்கோடு வளைந்து சுற்றும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. காற்றோடு நாங்களும் மலையைச் சுற்றி வந்திருந்தோம்.

“கடல்ல காத்து இப்பிடி ஏமாத்தாதுலே,” என்றான் தீவுக்காரன். அடுத்து, நாயக் அவன் வாயைப் பொத்துவதற்குள், வானத்தைப் பார்த்துக் கத்தினான்: “அந்தோனியாரே! போன வருசம் மெழுகுவத்தி ஏத்த மறந்தது நெசந்தான். அதுக்கு இப்பிடியா?”

“எவன்லே அது?” என்று தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. “அடையாளச் சொல்லு என்ன? இல்ல, சுட்டுருவேன்!”

குரல் எங்கள் முகாம் காவலாளுடையது. திருப்புல்லாணிக்காரன். ஐம்பதடி உயரத்தில் நின்றான். அன்றைய அடையாளச் சொல் மூவருக்கும் மறந்துவிட்டது. எதையும் குறித்துவைக்கும் நான் அதைக் குறிக்கவில்லை, குறிப்பது குற்றம். மேலே துப்பாக்கியின் போல்ட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

“சுடுலே பாப்போம்!” என்றான் தீவுக்காரன். “மண்ணெண்ண ஏந் தோள்லதான் இருக்கு. தகரம் ஓட்டையானா அடுப்புக்கு எங்கலே போவ? நீயுந்தான்லே வெறைச்சுச் சாவ, மூதேவி!”

மேலேயிருந்து சிரிப்புக் கேட்டது.

“ஏறி வாங்கலே. சீனாக்காரன் இந்தப் பேச்சுப் பேசமாட்டான்.”

நான்கு பத்துக்கு முகாமுக்குள் நுழைந்தோம். டீ குடித்ததும் தீவுக்காரன் சொன்னான்: “சரியா கொண்டாந்து சேத்தேன்ல?”

இப்போதும் அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு நான் தீவுக்குப் போகும்போதெல்லாம் தன் மனைவியிடம் அதையேதான் சொல்கிறான். அவன் கதையில் வழி தவறியவன் நான். ஒரு முறை நோட்டைக் கொண்டுபோய் அவளிடம் கோடுகளை எண்ணிக் காட்டினேன்.

“இத்தன அடி சுத்த விட்டீகளாண்ணே எங்க வீட்டுக்காரர?” என்று கேட்டுவிட்டு, மீன் குழம்பை முதலில் அவனுக்கு ஊற்றினாள்.