ஆவூருக்கு நேர்ந்துவிட்ட டாங்கி

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு போர் நடந்தபோது நான் திருச்சியில் ஒரு நாளிதழில் உதவியாசிரியராக இருந்தேன். தந்தியில் வரும் செய்திகளைத் தமிழாக்கித் தலைப்புப் போடுவது வேலை. டாங்கிகள் தலைப்பில் எண்களாக வரும். இத்தனை அழிந்தன, இத்தனை பிடிபட்டன. ஒரு டாங்கிக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டு வாசகர் ஒருவரும் எழுதியதில்லை. என் அக்காவுக்கு அது தெரியும். நான்கு பேர். நான்கில் ஒருவர், வண்டியை ஓட்டுகிறவர், அவள் வீட்டுக்காரர்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். ஆவூர்க் கோவிலில் மாதாவுக்கு உருவக் காணிக்கை வைப்பது எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம். கண் நோய் தீர்ந்தால் வெள்ளித் தகட்டில் கண், கால் தேறினால் கால், பிள்ளை பிறந்தால் மரத்தில் சிறு தொட்டில். கிணற்றில் விழுந்து பிழைத்த மாட்டுக்கு ஒரு மண் மாடு அங்கே நெடுநாள் இருந்தது. காணிக்கைகளை வாங்கி வைக்கும் உபதேசியார் ஒரு விஷயத்தில் கண்டிப்பானவர். கொடுக்கிற உருவத்தில் குறை இருக்கக் கூடாது. கயிறில்லாமல் வந்த தொட்டிலை, “பிள்ளையை எதுல ஆட்டுவா மாதா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

போர் தொடங்கிய வாரத்தில் அக்கா நேர்ந்துகொண்டாள். அவர் டாங்கியை விட்டு உயிரோடு வெளியே வந்தால் அந்த டாங்கியையே உருவமாகச் செய்து வைப்பதாக. வெள்ளியில் கண்ணும் காலும் அடிப்பவர்கள் இருந்தார்கள். டாங்கி அடிக்க யாருக்கும் தெரியாது.

தை மாதம் மச்சான் இரண்டு மாத லீவில் வந்தார். இடது காது மந்தமாகியிருந்ததைத் தவிர உடம்பில் ஒன்றும் இல்லை. அவருடைய சேவைக் காலம் அந்த ஆனியோடு முடிகிறது. விரும்பினால் நீட்டித்துக்கொள்ளலாம், அவருக்கு விருப்பம் இருந்தது. அக்கா சரியென்றால் போதும் என்றார். அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. “மொதல்ல நேர்ந்தத முடிங்க” என்று மட்டும் சொன்னாள்.

வார விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது கொல்லையில் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, ஒங்க பேப்பர்ல டாங்கிப் படம் வந்துச்சுல்ல, ஒண்ணு கொண்டாங்களேன்.”

அடுத்த வாரம் கொண்டுபோனேன். அச்சில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்த படம். கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, சிரித்தார்.

“எடுத்தவரு அங்கிட்டு நின்னு எடுத்திருக்காரு. ஓட்டுறவன் பக்கம் இதுல இல்ல.”

படத்தை மடித்து அரத்துக்கு உறையாக்கிக்கொண்டார். அதன் பிறகு எதையும் பார்த்துச் செய்யவில்லை.

நான் எதிர்பார்த்தது, வெளிக்கூட்டை முதலில் செய்வார் என்று. அவர் முதலில் செய்தது ஓர் ஆள். பூவரசங்கட்டையில் விரல் நீளத்துக்கு, கால் நீட்டி உட்கார்ந்த ஆள். “ஆளுதான் அளவு,” என்றார். தம் தோளுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே அங்கே எத்தனை விரல் இடம் இருக்கும், முழங்கால் எங்கே இடிக்கும், தலைக்கு மேலே எவ்வளவு என்பதெல்லாம் அவர் உடம்பில் இருந்தது. அந்த ஆளை நடுவில் வைத்து, அவனைச் சுற்றி ஆசனம், ஆசனத்தைச் சுற்றி முன்பக்கம், அதிலிருந்து பின்பக்கம் என்று வண்டி வளர்ந்தது. முடிந்தபோது ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

அக்கா ஆளை எடுத்துப் பார்த்தாள்.

“மீசை எங்க?”

“அம்புட்டுச் சின்னதுல மீசை தெரியாது பிள்ள.”

“எனக்குத் தெரியும்.” அடுப்புக்கரியால் வைத்துவிட்டாள்.

உடல் மண்ணெண்ணெய் டின் தகடு. மடித்து, ஈயம் பற்றவைத்து, அரத்தால் ஓரம் தேய்த்தது. சக்கரங்கள், தையற்காரரிடம் வாங்கிய காலி நூற்கட்டைகளை வட்டமாக அறுத்தவை. சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைக்குப் பழைய சைக்கிள் செயின் போதுமென்று நான் சொன்னேன். அகலம் போதாது என்றார். செயினின் ஒவ்வொரு கண்ணியின் மேலும் பிஸ்கட் டின் தகட்டில் வெட்டிய துண்டைப் பற்றவைத்தார். லீவில் பாதி அதிலேயே போனது. கையால் தள்ளினால் அந்தப் பட்டை சக்கரங்களின் மேல் படிந்து, நெளிந்து, முன்னால் போய் விழுந்து, பின்னால் எழுந்து வந்தது. மேலே உட்காரும் கூண்டிலிருந்து நீளும் பீரங்கிக் குழாய் ஒரு சைக்கிள் பம்பின் தண்டு. வயர்லெஸ் ஏரியலுக்குக் குடைக் கம்பி.

கதவுக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டில் விளக்குக் கரியும் கொஞ்சம் காவியும் கலந்து நிறம் கொண்டுவந்தார். காய்ந்ததும் புழுதி ஏற்ற வேண்டும் என்றார். நான் முற்றத்துச் செம்மண்ணை அள்ளினேன்.

“இந்த மண்ணு வேணாம் மாப்ள. அங்க மண்ணு வெளுப்பு.” அடுப்புச் சாம்பலைச் சலித்து, துணியால் ஒற்றி ஒற்றி வைத்தார்.

போரைப் பற்றி அவரிடம் கேட்டால் பதில் வராது. டாங்கியைப் பற்றிக் கேட்டால் வரும். அக்கா அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள்.

“சோறு எங்க வச்சுத் திம்பீங்க?”

“இந்தா, எஞ்சினு மேல. சூடா இருக்கும்.”

“துண்டு?”

“பீரங்கிக் குழாய்லதான் காயும்.”

“நல்ல கொடி.”

பின்புறம் சுருட்டிய தார்ப்பாய், இழுவைக் கயிறு, மண்வெட்டி எல்லாம் ஏறின. தண்ணீர் வாளி ஒன்று தொங்கியது. மறு வாரம் இரண்டு தொங்கின. எதற்கு இரண்டு என்றேன்.

“ஒண்ணு பக்கத்து வண்டிக்காரனோடது. வேலூர்க்காரன். கடன் வாங்கினது,” என்று சொல்லிவிட்டு, வாளியின் கைப்பிடியை நெளித்துச் சரி செய்தார்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கையில் உபதேசியார் வேறு காரியமாக ஊருக்கு வந்தவர், கேள்விப்பட்டுக் கொல்லைக்கு வந்தார். டாங்கியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஆமை மாதிரில்ல இருக்கு?”

“ஆமை முட்டை போடும். இது குண்டு போடும்,” என்றார் மச்சான்.

உபதேசியார் சிரிக்கவில்லை. பீரங்கியைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. “படத்துல பார்த்திருக்கேன். இந்தக் கூண்டு சுத்தணுமே?”

“சுத்தும்ங்க. இதுல வேணாம்னு ஆணி அடிச்சிருக்கேன். கழண்டு விழுந்துரும்.”

“விழாம செய்யி. சுத்துறது சுத்தணும். வாரேன்.”

அவர் போன பிறகு அக்கா முறத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “ஆணிய எடுங்க.”

“அந்த மனுசனுக்குப் பொழுது போகல.”

“நேர்ந்தது நான். எடுங்க.”

குறடால் ஆணியைப் பிடுங்கிவிட்டு, அங்கேயே நின்றார். மேல்கூண்டு எளிதாகச் சுற்றியது. கழன்று விழுகிற மாதிரி எதுவும் இல்லை; மற்ற எல்லாவற்றையும் போல அதையும் சரியாகத்தான் செய்திருந்தார். அக்கா முன்பக்கம் வலது புறத்தில், ஓட்டுகிறவர் ஏறி இறங்கும் சின்ன மூடியை நகத்தால் நெம்பித் திறந்து மீசைக்காரனைப் பார்த்தாள். மூடினாள். கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி மூடியைத் தூக்கினாள். இந்தத் தடவை அது அரை விரல் உயர்ந்து நின்றுவிட்டது. பீரங்கி கொஞ்சம் வலது பக்கம் திரும்பி, மூடிக்கு நேர் மேலே நின்றிருந்தது.

பீரங்கியை இடது பக்கம் தள்ளினாள். மூடி திறந்தது. வலது பக்கம் கொண்டுவந்தாள். இடித்தது. மூன்றாம் முறையும் செய்து பார்த்தாள்.

“நெசத்துலயும் இப்படித்தானா?”

“ஆமா.”

“இப்படி நிக்கிறப்ப வண்டில தீப்பிடிச்சா?”

“உள்ளாற கூடியே பின்னால போயி, மேல கூண்டு வழியா வரலாம்.”

“அங்க இருக்கவங்க நகரணும்ல?”

“நகரணும்.”

“நகர முடியலன்னா?”

மச்சான் குறடைச் சாக்கில் வைத்தார். “எங்க வண்டில நகந்தாங்க,” என்றார்.

எங்க வண்டியில் என்று அவர் சொன்னதில் இன்னொரு வண்டி இருந்தது. நான் பின்னால் தொங்கிய இரண்டாவது வாளியைப் பார்த்தேன். அக்காவும் அதைத்தான் பார்த்தாள். அவர் எங்களைப் பார்க்காமல் சாக்கில் கிடந்த ஆணியை எடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

“வேலூர்க்காரருக்குப் பிள்ளைக இருக்கா?” என்றாள் அக்கா.

“ரெண்டு பொண்ணு.”

அவள் வாளியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதே டாங்கியைக் கொடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. வில்வண்டிகூடச் சொல்லியாயிற்று. சனிக்கிழமை மச்சான் அதை வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கப் போனார். அக்கா பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

“இப்ப வேணாம்.”

“ஏன், எல்லாந்தான் சுத்துதே. இன்னும் என்ன குறை?”

“அதுல குறையில்ல. நான் நேர்ந்தது நீங்க இதுக்குள்ளேருந்து வெளிய வந்தா. நீங்க இன்னும் வெளிய வரலியே. லீவுலல்ல வந்திருக்கீங்க.”

“ஒவ்வொரு தடவையும் பீரங்கி அங்க வந்து நிக்காது பிள்ள.”

“நிக்காதுன்னா ஏன் ஆணி அடிச்சீங்க?”

அவர் பெட்டியிலிருந்த வைக்கோலை அள்ளி வெளியே போட்டார். போகாதே என்று அவள் சொல்லவில்லை. மாதாவை முன்னிறுத்தி அவரை மடக்கிவிட்டாள் என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்தால் அப்படியும் தோன்றவில்லை. கொடுத்த வாக்கைச் சொன்னபடி எண்ணிப் பார்க்கிற ஆள் அவள். எண்ணிப் பார்த்ததில் மீதி இருந்தது; அதைச் சொன்னாள்.

மச்சான் ரயிலேறிப் போனார். டாங்கி டிரங்குப் பெட்டியின் மேல், பழைய சேலை போர்த்தி இருந்தது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் சேலையை விலக்கிப் பார்ப்பேன். பீரங்கி எப்போதும் இடது பக்கம் பார்த்தே நிற்கும். சித்திரையில் வந்த கடிதத்தில் அவர் வெயிலைப் பற்றியும் காதைப் பற்றியும் எழுதியிருந்தார். நீட்டிப்பைப் பற்றி இல்லை. அக்காவும் கேட்டு எழுதச் சொல்லவில்லை. வீட்டில் அந்தப் பேச்சே எழாத நாட்கள் அவை. பத்திரிகையில் எல்லைச் செய்தி சுருங்கி உள்பக்கத்துக்குப் போய்விட்டது. அரிசித் தட்டுப்பாடுதான் தலைப்பு.

ஆடி பிறந்து சில நாள் கழித்து மச்சான் வந்தார். கறுப்பு டிரங்கு, படுக்கை, ஒரு மர ஸ்டூல் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். லீவில் வருகிறவர் ஸ்டூல் கொண்டுவர மாட்டார்.

அடுத்த ஞாயிறு ஆவூருக்குப் போனோம். உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோதித்தார். பட்டையை ஓட்டினார், கூண்டைச் சுற்றினார், மூடியைத் திறந்து உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்த்தார். காணிக்கைப் பலகை தலை உயரத்தில் சுவரோடு போகிறது. டாங்கியைத் தூக்கி வைத்ததும், பீரங்கி முன்னால் இருந்த விளக்குத் தண்டில் முட்டியது. அவர் பீரங்கியை வலது பக்கம், சுவரை நோக்கிக் கொஞ்சம் தள்ளிவிட்டார். அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

அக்கா செருப்பில்லாத காலை எக்கி, விரலால் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். இடித்தது. பீரங்கியை இடது பக்கம் திருப்பினாள். அது பலகையைத் தாண்டி, நடக்கிற வழிமேல் நீட்டிக்கொண்டு நின்றது.

“அங்கிட்டுத் திருப்பாத தாயீ,” என்றார் உபதேசியார். “போறவங்க வாரவங்க நெத்தியில இடிக்கும்.”

“இடிச்சா இடிக்கட்டுங்க,” என்றாள்.

உபதேசியார் மச்சானைப் பார்த்தார். மச்சான் தம் நல்ல காதை அவர் பக்கம் திருப்பி, “அவ சொல்றபடியே இருக்கட்டும்ங்க,” என்றார். உபதேசியார் உள்ளே போய் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கொண்டுவந்து, பார்த்து நடப்பதற்காகப் பீரங்கி முனையில் கட்டினார்.