மைக் மறைத்த முகவாய்

நான்கு மணிக்கு அந்த அம்மா வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மணி மூன்றாகிவிட்டது. பொம்மைக்காரி, புல்லாங்குழல் மேதையின் மண் முகவாயைப் பதினோராவது முறையாக வழித்தெடுத்துவிட்டு, கையில் ஈரக் களிமண்ணோடு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

மேதை மறைந்து ஒரு வருஷம். இசைப்பள்ளியின் முன்கூடத்தில் வைக்க மார்பளவு உருவம் கேட்டிருக்கிறார்கள். வரப்போகிறவர் அவருடைய மனைவி. அவர் சரி என்றால் உருவம் காய்ந்து சூளைக்குப் போகும், அடியில் பொம்மைக்காரியின் பெயர் பொறிப்பார்கள். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இருபது வருஷமாக யானையும் குதிரையும் செய்து கடைகளுக்குப் போட்டவள். ஒன்றிலாவது அவள் பெயர் இருந்ததுண்டா? கிடையாது.

சிக்கல் எல்லாம் அந்த முகவாய்தான். கிடைத்த போட்டோக்கள் அத்தனையும் மேடையில் எடுத்தவை. எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு மைக். நெற்றி, கண், மூக்கு அச்சு அசலாக வந்துவிட்டன. மைக்குக்குப் பின்னால் இருந்ததை யார் கண்டது? கை சும்மா இருக்குமா, தனக்குத் தெரிந்ததைச் செய்தது. சின்ன வயதில் எதிரே உட்கார ஆள் கிடைக்காமல், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே தொழில் பழகியவள். அதனால் எதைச் செய்தாலும் அவளுடைய முகவாயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“குதிரைக்கே உன் முகவாய்தான். இவருக்கு வந்தா என்ன?” என்றான் கணவன், வாசலில் சைக்கிளைத் துடைத்தபடி.

“வாயைக் கிளறாம போங்க. அவங்க வந்தா எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நிப்பேன்?”

“அவர் மூஞ்சியைப் பார்க்கத்தானே வராங்க. உன் மூஞ்சியை யாரு கேட்டா?”

பன்னிரண்டாவது முகவாயை வைத்து முடிக்கவும் அந்த அம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, கையில் குடை. உருவத்தை ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்றில் பொம்மைக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டாள்.

“முகவாய் பொய்ம்மா. எந்தப் போட்டோவிலயும் தெரியல. நானா வச்சேன். என்னோடதே வந்துடுது.”

போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள்.

அந்த அம்மா குடையைச் சுவரில் சாய்த்தார். “கடைசி நாலு வருஷம் அவரால கையைத் தூக்க முடியல. தினமும் நான்தான் ஷேவ் பண்ணி விட்டேன்,” என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக அந்த ஈர முகவாயைப் பிடித்தார். லேசாக இடப்பக்கம் ஒதுக்கினார். நடுவில் அழுத்தினார். கீழே வழித்துவிட்டார். இருபது வருஷத் தொழில்காரி அந்த விரல்களையே பார்த்தாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“இப்படித்தான் இருப்பார்,” என்றார் அந்த அம்மா, கண்ணைத் திறக்காமல். “உங்க பேரையே போடச் சொல்றேன். எப்பக் காயும்?”

“நீங்க கையை எடுத்ததும் காய வச்சிடலாம்மா.”

அந்த அம்மா கையை எடுக்கவில்லை. பொம்மைக்காரி ஒரு முக்காலியைச் சத்தமில்லாமல் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மண் காயாமல் இருக்க ஈரத்துணி எடுத்துவரப் போனாள்.