சோப்பு அக்கா

எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் சோப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் பை நிறைய சோப்பை அடைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்தான். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்த பிறகு.

எங்களுடையது மனநல ஆய்வு. கணவன் கையால் அடிவாங்கும் பெண்களில் சிலர் குடிக்கிறார்கள், சிலர் தூக்க மாத்திரையைக் கடலை மாதிரி விழுங்குகிறார்கள். "குடிக்கிற பொம்பளைய எவன்தான் அடிக்கமாட்டான்" என்று ஊர் சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதலில் வந்தது அடியா, பாட்டிலா? அடிபட்ட மனசு ஒரு ஆளை உள்ளுக்குள் என்ன பாடு படுத்துகிறது? அதை அந்தப் பெண்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வேலை. நடத்துபவர் டாக்டரம்மா. போய்க் கேட்பவர் அக்கா. பதில்களைக் கணினியில் ஏற்றுபவன் நான். வீடு வீடாகப் போகும் பொறுமையும் எனக்கில்லை, அதற்கான முகமும் இல்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கணவன் உள்ளே வந்துவிட்டால்? அதற்காக டாக்டரம்மா இரண்டாவதாக ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தார். அது முழுக்கச் சோப்புக் கேள்விகள். வாசனை பிடிக்குமா, நுரை போதுமா, எத்தனை நாளில் கரைகிறது. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் தாளைத் திருப்பிவிட வேண்டும். அக்கா திருப்புகிற அழகைப் பார்க்க வேண்டுமே! மூச்சுகூட மாறாது. எதிரில் இருப்பவள் கண்ணில் நீர் நின்றால், "புது சோப்பு, கொஞ்சம் கண்ணைக் கரிக்குதாம்" என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார். பெயர் வந்தது இப்படித்தான்.

அக்காவிடம் ஒரே ஒரு குறை. வாய். பேச ஆரம்பித்தால் சொந்த அண்ணனுக்கே அவன் சட்டையை விற்றுவிடுவார்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் ஒரு பெண் எங்கள் ஆய்வில் இருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு புருஷன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தால்தான் அவளுக்குக் கண் மூடும். புருஷன் பெயின்டர். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தின் பளபளப்பு அவள் முதுகில் இருந்தது.

அன்றைக்கு அவள் வீட்டுத் தரையில் அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்து, மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதாவது உன் கழுத்தை நெரித்திருக்கிறாரா என்ற கேள்வி. அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே மழை கொட்டியது. மழையில் சுவர்ப் பூச்சு எப்படிக் காயும்? வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பெயின்டர் வந்து நின்றான். தாள் திரும்பியது. நுரை போதுமா என்றார் அக்கா.

வழக்கமாக ஆண்கள் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இவன் ஈரத் தலையோடு எதிரே உட்கார்ந்துவிட்டான். "என்னைக் கேளுங்கம்மா. சோப்பைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்? எந்தச் சோப்புக்கும் இந்தப் பெயின்டு போகாது. மண்ணெண்ணெய் போட்டுத்தான் தேய்க்கிறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினான். அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. அவனை எப்படியாவது சந்தோஷப்படுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற பதற்றத்தில் பழைய விற்பனைக்காரி நாக்கு அவிழ்ந்துகொண்டது. "உங்கள மாதிரி பெயின்டருக்குன்னே ஒரு சோப்பு வருது சார். எங்க ஆபீஸ்ல சோதனை நடக்குது."

"அப்படியா? ஆபீஸ் எங்க? வர்ற வியாழக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

நுணலும் தன் வாயால் கெடும். மறுக்க வழியில்லாமல் விலாசத்தைச் சொல்லிவிட்டு, ஆபீசுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. "அந்தப் பொண்ணு உசுருக்கே உலை வச்சிட்டேன் தம்பி. இங்க வந்து போர்டைப் பாத்தான்னா வீட்டுக்குப் போய் என்ன செய்வான்?" எங்கள் வாசல் பலகையில் மனநல ஆய்வு மையம் என்று முழம் முழமாக எழுதியிருந்தது. டாக்டரம்மா கத்தவில்லை. விதிமுறையில் எங்கே இருக்கிறது இப்படி வாக்குக் கொடுக்கச் சொல்லி என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தாலாவது அக்காவுக்கு ஆறியிருக்கும். பிறகு சொன்னார்: "சோப்பு இல்லைன்னு சொன்னாலும் சந்தேகம் வரும். அப்ப வந்தவ யாருன்னு அவளைத்தான் கேப்பான். நாமளா எதையும் முடிவு பண்ண வேண்டாம். முதல்ல அவளைக் கேளுங்க."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அக்கா சலவைக்கூடத்துக்குப் போனார். விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இந்த ஆய்வே வேண்டாம் என்றால் இப்போதே உன்னை விட்டுவிடுகிறோம் என்றார். அவள் கையிலிருந்த விரிப்பை ஓரம் பார்த்து மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"வரட்டும்க்கா. அவர மட்டும் வரச் சொல்லுங்க. எனக்கு டியூட்டி மாத்திட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

"ஏம்மா?"

"கிளம்பணும்னு ரெண்டு வருஷமா நினைக்கிறேன். மழை வந்தாலும் வந்துடுவாரு, வேலை சீக்கிரம் முடிஞ்சாலும் வந்துடுவாரு. தெருமுனையில எதிர்ல வந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயம். ஒரு மணி நேரம், அவரு இன்ன இடத்துல உக்காந்திருக்காருன்னு நிச்சயமா தெரிஞ்சா போதும். நீங்க உக்கார வைப்பீங்களா?"

டாக்டரம்மா பெண்கள் காப்பகத்தோடு பேசினார். காப்பகத்துக் கார் அவள் வீட்டுக்கே வரும். கார் காப்பகத்து வாசலைத் தாண்டியதும் டாக்டரம்மாவுக்குப் போன் வரும். அதுவரை பெயின்டரை நாங்கள் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மனநல ஆய்வு மையம் சோப்புக் கம்பெனி ஆனது. பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தோம். கடையில் மூன்று வகை சோப்பு வாங்கி, உறையைப் பிரித்து, எழுத்துகளைக் கத்தியால் சுரண்டி எடுத்தார் அக்கா. என் மேசையில் மூன்று பேசின், பக்கத்தில் வெந்நீர். ஆம்பளைக்கு ஆம்பளை பேச்சு நீளும் என்று சோதனையாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அவன் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். சிரித்த முகம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, எனக்கு அவனைப் பிடித்துப்போய்விடும் போலிருந்தது. நகைச்சுவையாகப் பேசினான். என்னைத் தம்பி என்றான். முதல் சோப்பை முகர்ந்து, "இது கை கழுவவா, கல்யாணத்துக்குப் போகவா?" என்றான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவன் கைகளை வெந்நீரில் விட்டான். அந்தக் கைகள் செய்ததை ஒவ்வொன்றாக எண் போட்டுக் கணினியில் ஏற்றியவன் நான். விரலிடுக்கில் நுரை பொங்குவதைப் பார்க்கப் பார்க்க அந்தப் பேசினை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. தாளைப் பார்த்து, "வாசனை எப்படி சார்?" என்று கேட்டேன்.

இரண்டாவது சோப்பு முடிந்ததும் அவன் மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை போட்டான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எடுக்க மாட்டேங்கறா. இப்ப டியூட்டி முடிஞ்சிருக்குமே." எழுந்துவிட்டான். "மிச்சத்தை இன்னொரு நாள் பாத்துக்கலாம் தம்பி."

நான் திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மாவின் அறைக் கதவு இன்னும் மூடியே இருந்தது. அப்போதுதான் அக்கா குறுக்கே வந்தார்.

"போங்க சார், நல்லாப் போங்க. அந்த மூணாவதுதான் பெயின்டருங்களுக்குன்னே செஞ்சது. நேத்து வேற ஒரு பெயின்டர் வந்தாரு. இதெல்லாம் ஒரு சோப்பான்னு தூக்கிப் போட்டுட்டாரு. நீங்க தொழில் தெரிஞ்சவரு, நியாயமா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு எங்க முதலாளியம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். என் வாக்குதான் போச்சு. பரவாயில்ல, போங்க."

"யாரு அந்த பெயின்டரு?"

"பேரைச் சொன்னா தப்பா நினைச்சுக்குவீங்க."

அவன் உட்கார்ந்தான். தன் கருத்தை ஒருவர் மதித்துக் கேட்பது அவனுக்கு அவ்வளவு ருசி. முழங்கை வரை நுரை போட்டுத் தேய்த்தான். அந்தப் பெயர் தெரியாத பெயின்டரைத் திட்டினான். ஈரம் தானாகக் காய்ந்த பிறகுதான் பிசுபிசுப்பு தெரியும் என்று துண்டைக்கூடத் தராமல் அக்கா அவனைக் கைகளை விரித்தபடியே உட்காரச் சொன்னார். நனைந்த கையால் எப்படிப் போன் பண்ணுவான்? அக்கா சிரித்துக்கொண்டேதான் பேசினார். ஆனால் அவர் கண் அடிக்கொரு தரம் டாக்டரம்மாவின் கதவுக்குப் போய் வந்தது.

கதவு திறந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "போதும், அவருக்கு நேரமாகப் போகுது. ரொம்ப நன்றி சார்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. பெயின்டர் இரண்டு சோப்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்றாவதுதான் உருப்படி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, "அப்பாடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு அரை மணி நேரம் அழுதார். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கை ஓயாமலே, இனிமேல் இரண்டாவது தாளில் இல்லாத எதையும் பேசக் கூடாது என்று திட்டவும் செய்தார்.

அவன் பல இடங்களில் தேடினான் என்று கேள்விப்பட்டோம். மனைவி காணாமல் போனபோது தான் சோப்புக் கம்பெனியில் இருந்ததாகப் போலீசில் அவனே சொன்னானாம். எங்களைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆய்வு முறைப்படி ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரிடமும் மறுபடி பேச வேண்டும். அவள் அப்போது வேறு ஊர்ச் சலவைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, காப்பகத்தில் பழகிய ஒருத்தியோடு ஒரு அறையில் இருந்தாள். அக்கா போன் போட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?" முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

"இருக்காங்க. கூட இருக்கிறவ இருக்கா, வீட்டுக்கார அம்மாவும் வந்திருக்காங்க. இருக்கட்டும்க்கா, நீங்க கேளுங்க."

அக்கா கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் உரக்கவே பதில் சொன்னாள். குடியைப் பற்றிய இடம் வந்தது. இன்னும் குடிக்கிறாயா என்று கேட்கும்போது அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"குடிக்கிறேன்க்கா. உங்ககிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? முன்ன மாதிரி இல்ல. இந்த வாரம் ரெண்டு நாள் தொடவே இல்ல."

"அந்த ரெண்டு நாளும் தூக்கம் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? விடிய விடிய முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். ஆனா பயப்படாம முழிச்சுக் கிடக்கிறதும் நல்லாத்தான்க்கா இருக்கு."