சனிக்கிழமை வாங்க

"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க. உயர்தரம் படிக்கிறவங்க ஜன்னல் பக்கம். பேப்பர் பாக்கிறவங்க படியில. சின்னப் புள்ளைங்க செருப்பக் கழட்டிட்டு அலுமாரியோட ஒட்டி உக்காருங்க."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விஜயலெட்சுமி இப்படித்தான் நூலகத்தை நிரப்புகிறார். கேட்பவர்களுக்கு பஸ் கண்டக்டர் ஞாபகம் வரும். அவருக்கும் அது தெரியும். "டிக்கெட் மட்டுந்தான் கிழிக்கல்ல" என்பார்.

பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் சிறுநகரம் அது. சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் உள்ள ஒரே அறைதான் பொது நூலகம். கீழே கருவாட்டுக் கடை, மேலே புத்தகம். சுற்றியுள்ள ஏழு தேயிலைத் தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் சேர்த்து உள்ளே உட்காரப் பதினான்கு கதிரைகள் இருக்கின்றன. பதினைந்தாவது கதிரை போட்டால் கதவு திறக்காது. போட்டுப் பார்த்துவிட்டார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. தோட்டத் தொழிலாளரின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பக்கத்து ஊர் பாடசாலையில் படித்து, நூலக உதவியாளராக இங்கே வந்து பத்தொன்பது வருடங்கள். நூலகர் பதவி ஆறு வருடமாகக் காலியாகக் கிடப்பதால் அந்த வேலையும் இவர் தலையில்தான். "சத்தம் போடாதீர்கள்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சத்தம் போடுகிறவர் பக்கத்தில் போய் சும்மா நிற்பார். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். திரும்பி வரும் புத்தகங்களை முதலில் முகர்ந்து பார்ப்பார். லயத்து வீடுகளிலிருந்து வருபவற்றில் அடுப்புப் புகை மணக்கும். அதற்காக யாரையும் ஏசியதில்லை. மாடிச் சுவரில் விரித்து வெயிலில் வைப்பார். வாசம் போன பிறகுதான் அலுமாரிக்குப் போகும்.

ஐப்பசி மழை தொடங்கினால் வேறு வேலை. கூரைத் தகரம் எங்கெங்கே ஒழுகும் என்பது அவருக்கு மனப்பாடம். தமிழ்ப் புத்தக அலுமாரியை ஒன்றரை அடி இழுத்துவிட்டு, நீல நிறப் பொலித்தீனைப் போர்த்திவிடுவார். அலுமாரி அறையின் நடுவுக்கு வந்தால் நாலு கதிரைகள் வெளியே போக வேண்டும். இடமில்லாத புத்தகங்கள் முப்பத்தொரு பெட்டிகளில் படிக்கட்டின் அடியில் கிடக்கின்றன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். "இருக்கு. அடியில மாட்டியிருக்கு. வெள்ளிக்கிழம வாங்க, எடுத்து வைக்கிறேன்." வெள்ளிக்கிழமை புத்தகம் இருக்கும்.

போன வருடம் பிரதேச சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இப்போது எல்லோர் கையிலும் போன் இருப்பதால் நூலகத்துக்கு வருவோர் குறைந்துவிட்டதாகத் தெரிகிறது. எனவே நூலகத்தை சபைக் கட்டடத்தின் ஒரு மூலைக்கு மாற்றி, நாலு கணினிகள் வைத்து, இந்த மாடியைக் கடைகளுக்குக் கொடுப்பது பற்றி ஆலோசிக்கப்படுகிறது. பார்வையிடுவதற்காக செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சபையின் தலைவரான தவிசாளர் வருவார் என்று இருந்தது.

விஜயலெட்சுமி கடிதத்தை மூன்று தரம் படித்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பெரியவர்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். பேப்பர் பார்க்க வரும் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். காலியான அறையைப் பார்த்துவிட்டு, 'நினைத்தது சரிதான்' என்று போய்விடுவார்கள்.

அன்று பின்னேரமே பதில் எழுதினார். "வாசகர்கள் வரும் நாள் சனிக்கிழமை. தயவுசெய்து அன்றைக்கு வரவும்." இரண்டே வரி. அடுத்த நாள் சபைக் காரியாலயத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் போன் எடுத்தார். தவிசாளருக்கு நாள் குறிக்க நீங்கள் யார், உங்களுடைய வேலையை மட்டும் பாருங்கள் என்று சிங்களத்தில் ஏசினார். அவர் ஏசி முடியும்வரை விஜயலெட்சுமி போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுவும் என்ட வேலைதான் சேர்" என்று சிங்களத்திலேயே சொன்னார். ஓய்வூதியத்துக்கு இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன. மாற்றம் போட்டு எங்காவது தூரத்துக்கு அனுப்பினால் என்ன செய்வது என்ற யோசனையில் அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் சனிக்கிழமையே வருவதாகத் தகவல் வந்தது.

வாசகர் வட்டத்தின் தலைவர் லத்தீப், சந்தையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அவர் எட்டு மணிக்கே வந்து ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அறை நிரம்பியதும் விஜயலெட்சுமியைக் கூப்பிட்டார். "மிஸ், ஒரு சொல்லுச் சொல்லுறேன், கோவிச்சிக்க வாணாம். பெரிய மனுசங்க வாறாங்க. நாலஞ்சி பேர எழுப்பிட்டு கதிரையத் தொடச்சி வைங்க. மரியாதையா இருக்கும்."

"படிக்கிறவங்கள எழுப்ப மாட்டேங்க, லத்தீப் நானா. இடமில்லன்னு சொல்லத்தானே அவங்களக் கூப்பிட்டேன்? கதிரையப் போட்டுக் குடுத்துட்டு எப்படி அதச் சொல்றது?"

லத்தீப் தன்னுடைய கதிரையிலிருந்து எழுந்து ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார்.

பத்தரைக்குத் தவிசாளர் வந்தார். கூடவே சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிஸாத், அளவு நாடாவோடு வந்தார். படியில் ஒன்பது பேர் பேப்பரோடு இருந்தார்கள். அவர்களைத் தாண்டி மேலே வரவே நேரம் எடுத்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. றிஸாத் நாடாவை இழுத்தார். அது நாலடி போய் ஒரு மாணவியின் தலையில் முட்டி நின்றது. அவள் படித்துக்கொண்டே நாடாவை வாங்கிப் பின்னால் இருந்தவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். தலைக்கு மேலே கை மாறி மாறி நாடா சுவரைப் போய்ச் சேர்ந்தது. அறையை அளந்தது அப்படித்தான்.

சிறுவர் பகுதியில், பாயில், வேலாயி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, கொழுந்து பறிப்பவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இப்போது வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் தருவதாகச் சொல்லித் தோட்டத்தில் தாள்கள் வருகின்றன. "கையெழுத்து வையுன்னு சொல்லுறாங்க. என்னா எழுதியிருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டுத்தானே வைக்கணும்?" என்று ஆறு மாதத்துக்கு முன் வந்தவர். சிறுவர் புத்தகங்களில் எழுத்து பெரிதாக இருக்கும் என்பதால் அங்கேதான் உட்காருவார். விரலை வரியில் வைத்து, உதடு அசைய வாசிப்பார்.

தவிசாளருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். குனிந்து கேட்டார். "அம்மா, என்ன வாசிக்கிறது?"

வேலாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. "செத்த இருங்க. இந்தப் பக்கத்த முடிச்சிடுறேன்."

அறை முழுக்கக் கேட்டது. படியில் லத்தீப் கண்ணை மூடிக்கொண்டார். தவிசாளர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. நின்றார். எட்டு வரிகள். வேலாயி ஒவ்வொரு சொல்லாகக் கடந்து முற்றுப்புள்ளிக்கு வந்த பிறகு தலையைத் தூக்கி, "யானையும் தையல்காரனும் கதைங்க" என்றார்.

தவிசாளர் இருபத்தைந்து நிமிடம் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார். போகும்போது விஜயலெட்சுமியிடம் ஒரே கேள்வி கேட்டார்: மழை பெய்தால் இவ்வளவு பேரும் எங்கே இருப்பார்கள்? "வீட்டுக்குப் போயிருவாங்க சேர்" என்றார் அவர்.

நாலு மாதம் ஒரு பேச்சும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை பின்னேரம் றிஸாத் சுருட்டிய தாளோடு வந்தார். கடைத் திட்டம் கைவிடப்பட்டது. கணினி அறை இந்த வருடம் கிடையாது. ஆனால் கூரை மாறும், கழிப்பறை வரும், பின்பக்கத்து வெறும் கொங்கிரீட் தட்டின் மேல் வாசிப்பு அறை இன்னொரு மடங்கு நீளும். முதல் வரைவு, பென்சிலில் போட்டிருந்தது. றிஸாத் தாளை விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியாக ஒரு மூலையில் சின்னச் சதுரம்.

"இது ஒங்களுக்கு மிஸ். பொறுப்பாளர் அறை. தனிக் கதவு. ஜன்னலும் வச்சிருக்கேன்."

விஜயலெட்சுமியின் விரல் அந்தச் சதுரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"ஜன்னல்ல என்னா தெரியும்?"

"மலைதான். முழுசாத் தெரியும்."

"நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ரப்பரை எடுத்தார். சதுரத்தை வாசிப்பு அறையிலிருந்து பிரித்த இரண்டு சுவர்களையும் மெதுவாக அழித்தார். ஜன்னலை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, தாளில் கிடந்த தூளை ஊதினார்.